ஆடு தின்ற மாலை

நான் பட்ட அடிகளில் வலிக்காத அடி என்று ஒன்றுதான் இருக்கிறது. எட்டு வயதில் அம்மாவிடம் வாங்கியது. அதற்குப் பிறகு ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பொருட்காட்சிகளில் பெரிய அப்பளம் போடும் கடையோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வேலூரில் கொதிக்கிற எண்ணெய் கையில் தெறித்தது. சேலத்தில் மழைக்குக் கொட்டகையே தலைமேல் சாய்ந்தது. எல்லாம் வலித்தது. அந்த ஒரு அடி மட்டும் வலிக்கவில்லை. காரணம் தெரிய ஏழு வருடம் ஆனது.

அப்போது நாங்கள் கருங்குழியில் இருந்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் தெரு. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான், வெள்ளச்சி என்ற ஆடு. அப்பா லாரி ஓட்டினார். அந்த வருடம் கார்த்திகையில் முதலாளி லாரியை விற்றுவிட்டார். அப்பா தன் சாமான்களை ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கேன், பிள்ளையார் படம், ஆயுத பூஜைக்கு லாரிக்குப் போட்டுக் காய்ந்துபோன சாமந்தி மாலை, ஒரு ஸ்பேனர். பையைப் பரண்மேல் எறிந்தவர் அப்புறம் அந்தப் பக்கம் தலையைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

தினமும் காலையில் குளித்து, சட்டை மாட்டி, மதுராந்தகத்தில் லாரிகள் நிற்கும் ஷெட்டுக்குப் போவார். யாராவது டிரைவர் வராத நாளில் அவருக்கு ஒரு நடை கிடைக்கும். கிடைக்காத நாட்களில் எங்களுக்கு ரேஷன் அரிசியும் முருங்கைக் கீரையும். கீரை பிடிக்காது என்று சொல்கிற வசதி எனக்கு அப்போது இல்லை.

அத்தைக்கு வலது கால் சிறு வயதிலேயே போலியோவில் சூம்பிவிட்டது. முட்டியில் கையை ஊன்றி ஊன்றி நடப்பாள். பன்னிரண்டாவது தேறியவள், எங்கள் வீட்டில் அதிகம் படித்தவள் அவள்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி சாப்பிடும்வரை சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். தட்டை எடுத்துப் போக அத்தை எழுந்து நடந்ததும் அவர்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒத்துப்போகாது என்று தெருவுக்கே தெரியும். குழம்பில் உப்பு, கோலத்தில் புள்ளி, தண்ணீர்க் குடத்தை எங்கே வைப்பது என்று எதற்கும் சண்டை வரும். அத்தையை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இந்தா" என்பாள். நல்ல மனநிலையில் இருந்தால் "இந்தாடி".

தை மாதத்தில் அப்பா எங்களைத் திருவிடந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே பெருமாளுக்கு மாலை சாத்தி, திரும்பத் தருகிற மாலையைத் தாங்கள் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது சுற்று வர வேண்டும். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து அதே மாலையை அங்கேயே சேர்த்துவிட வேண்டும். செங்கல்பட்டில் ஒரு பஸ், மாமல்லபுரத்தில் ஒரு பஸ் மாறிப் போனோம். கடலைப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் என்னை எழுப்பினார்கள். பஸ் ஜன்னல் வழியாகச் சவுக்குத் தோப்புக்கு நடுவே இரண்டு மூன்று துண்டு கடல் தெரிந்தது. அவ்வளவுதான்.

உச்சி வெயில். கருங்கல் தரை கொதித்தது. அத்தை யார் கையையும் பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாலையோடு சுற்ற ஆரம்பித்தாள். நாலாவது சுற்றில் முகம் கறுத்துவிட்டது. அம்மா விடவில்லை. "சீக்கிரம் நடடி, பஸ்ஸு உனக்காவ நின்னுகினு இருக்குமா?" என்று திட்டிக்கொண்டே அவளுக்கு முன்னால் போனாள். போகிற வழியெல்லாம் குடிக்க எடுத்து வந்த கேன் தண்ணீரைத் தரையில் ஊற்றிக்கொண்டு போனாள். ஒன்பதாவது சுற்று முடிவதற்குள் கேன் காலி. எனக்குத் தாகம். குடிக்கிற தண்ணீரை இப்படி வீணாக்குகிறாளே என்று அம்மாமேல் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, நடு அறையில் பெருமாள் படத்துக்கு மேலே ஆணி அடித்து அந்தச் சாமந்தி மாலையை மாட்டினார். இறங்கும்போதே சட்டமும் போட்டுவிட்டார். மாலை வீட்டில் தொங்கும்போது பெண் வெளியே வேலைக்கு என்று சுற்றக் கூடாது, சுற்றினால் வருகிற மாப்பிள்ளை வாசலோடு திரும்பிவிடுவான். இதை அவருக்குச் சொன்னது கோயிலில் யாரும் இல்லை. ஷெட்டில் யாரோ ஒரு டிரைவர். அந்த டிரைவருக்கே கல்யாணம் ஆகவில்லை என்பது பிறகு தெரிந்தது.

பங்குனியில் அடுத்த தெரு மாலதியக்கா ஒரு செய்தியோடு வந்தாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் பன்னிரண்டாவது படித்த பெண்களை எடுக்கிறார்கள், சூப்பர்வைசரிடம் அத்தையைப் பற்றிப் பேசியாகிவிட்டது, திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், வராவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்கு. அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாலையைப் பார்த்தார்.

"வேணாம்மா" என்றார். "மாலை தொங்குது."

அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை. அம்மா அதற்கும் திட்டினாள். நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, வரவில்லை என்று சொல்லிவிட்டு வர அத்தை சாயங்காலம் மாலதியக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவளைப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நான் வீட்டு வாசலில் கால் வைக்கவும் அப்பா பின்னாலேயே வந்து சேரவும் சரியாக இருந்தது. நடு அறையில் வெள்ளச்சி நின்றுகொண்டிருந்தாள். வாயிலிருந்து நார் தொங்கியது. தரையெல்லாம் மஞ்சள் இதழ். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"ஐயோ, போச்சே! காத்துல வுழுந்த மாலைய இந்த சனியன் தின்னுட்ச்சே!" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். அடுத்த நொடி என் பக்கம் திரும்பினாள். "ஆட்ட ஒழுங்கா கட்டிட்டுப் போன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

காலையில் பள்ளிக்குப் போகுமுன் வெள்ளச்சியைக் கொல்லையில் கட்டுவது என் வேலை. இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியதாகத்தான் எனக்கு ஞாபகம். அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது முதுகில் அடி விழுந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும், அப்படி ஒரு சத்தம். அதற்குமேல் என் ஞாபகத்தை நானே நம்பவில்லை. ஒரு முடிச்சுத்தான் போட்டேனோ, அதுவும் இல்லையோ என்று ஆகிவிட்டது.

அத்தை திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா அவளையும் விடவில்லை.

"பாத்துக்கோ. சாமி குடுத்த மாலகூட உன்கிட்ட தங்கல. உன் ராசி அப்டி. இனிமே உன்ன வூட்ல வெச்சிகினு இன்னா பண்றது? போ, போயி எங்கனா வேல செய்யி."

அத்தை அழுதாள். அப்பா ரொம்ப நேரம் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாமியே எடுத்துக்கிச்சி போல. போவட்டும்" என்றார். அவருக்கு ஆட்டின்மேல்கூடக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று ராத்திரிச் சோற்றில் எனக்கு மட்டும் ஒரு அவித்த முட்டை இருந்தது. அடித்துவிட்டோமே என்று அம்மாவுக்கு வருத்தம் போல என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அத்தை வேலைக்குப் போனாள். கம்பெனி வேன் ஆறு மணிக்கு மெயின் ரோட்டுக்கு வரும். யாருக்காகவும் நிற்காது. ஐந்து மணிக்கே கிளம்பினாலும் அத்தையின் நடைக்கு அந்த ஒரு கிலோமீட்டர் பெரிய தூரம். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் ஓடுவேன். பையைப் பார்த்தால் பின்னால் ஆள் வருகிறது என்று அர்த்தம். உடனே வேனில் ஏற வேண்டிய பெண்களில் ஒருத்திக்குச் செருப்பு அறுந்துவிடும். மறுநாள் இன்னொருத்திக்கு டிபன் பாக்ஸ் மூடி ரோட்டில் உருண்டுவிடும். அதற்கு அடுத்த நாள் மாலதியக்கா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு தலைமுடியை அவிழ்த்து நிதானமாகக் கொண்டை போடுவாள்.

"இன்னாமா, இந்த ஸ்டாப்புல மட்டும் தெனம் ஒருத்திக்கு இன்னாமோ ஒண்ணு ஆயிகினே கீது?" என்று டிரைவர் கத்துவார்.

"ரோடு அப்டி கீது அண்ணாத்த. உன் வண்டி பிரேக்கவிட தேவல" என்பாள் மாலதியக்கா.

அதற்குள் அத்தை வந்து சேர்ந்திருப்பாள். இரண்டு பேர் மேலிருந்து கை கொடுப்பார்கள். கோயிலில் யார் கையையும் பிடிக்க மாட்டேன் என்றவள் முதல் வாரம் கூச்சத்தோடு பிடித்தாள். பிறகு பழகிவிட்டது.

வேலை சுலபமாக இல்லை. ஒயர் முனை குத்திக் குத்தி விரல் எல்லாம் புண். மூன்றாம் நாள் சோற்றைப் பிசைய முடியாமல் உட்கார்ந்து, இனிமேல் போகமாட்டேன் என்றாள். அம்மா சோற்றை வாங்கிப் பிசைந்து உருட்டி, "தின்னுட்டுப் போய்ப் படு. காலைல வேன் வரும்" என்று அவள் கையில் வைத்தாள். மறுநாள் மாலதியக்கா அவள் பத்து விரலுக்கும் பிளாஸ்திரி சுற்றிவிட்டாள். ஒரு வருடம் கழித்து, புதிதாக வரும் பெண்களுக்கு அத்தை பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் ஒரு வரிசைக்கே பொறுப்பாளர் ஆனாள். குரல் பெரிதாகிவிட்டது. யாராவது அவள் காலையே பார்த்தால், "இன்னா பாக்கற? அதுவும் நடக்கத்தான் செய்யுது" என்பாள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வந்தது. அப்பாவுக்கும் அவள்தான் அங்கே வேன் டிரைவர் வேலை வாங்கித் தந்தாள். அப்பா ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்கிறார் என்று கம்பெனியில் புகார்.

ஏழு வருடம் கழித்து, அதே கம்பெனி ஸ்டோரில் வேலை செய்த விழுப்புரத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக அத்தையே வீட்டில் சொன்னாள். பஜ்ஜிக்கெல்லாம் வேலையே இல்லாமல் போய்விட்டது. கல்யாணம் முடிந்ததும் அப்பாவுக்குக் கவலை வந்தது. கோயிலுக்கு ஜோடியாகப் போக வேண்டும், திருப்பிக் கொடுக்க மாலை எங்கே? கடையில் புது சாமந்தி மாலை வாங்கி மொட்டை மாடியில் விரித்துக் காயப்போட்டார். இரண்டு நாள் வெயிலில் ஏழு வருடப் பழசாகிவிடும் என்று நம்பினார். மனிதர் மாடிக்கும் கீழுக்கும் நடந்து நடந்து அதைத் திருப்பிப் போட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்த சமயம் அது. காக்கா விரட்டுவது எனக்குத் தொழில்.

கோயிலுக்குக் கிளம்பும் காலையில், அம்மா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கூறைப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அத்தையின் மடியில் வைத்தாள். அத்தை பிரித்தாள். உள்ளே ஒரு மாலை. காய்ந்து பழுப்பேறி, ஒரு இதழ்கூடக் குறையாமல், கோயிலில் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு முதற்கொண்டு முழுசாக.

அப்பாதான் முதலில் கேட்டார்.

"அப்ப ஆடு இன்னாத்த தின்னுச்சி?"

"உங்க லாரி மாலைய" என்றாள் அம்மா. "பரண் மேல சும்மாதான கெடந்துச்சி."

அப்பா பரண்மேல் ஏறினார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்பேனரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து உட்கார்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"நான் சொன்னா கேட்டிருப்பீங்களா? சாமி சொன்னாதான கேப்பீங்க."

அத்தை தலை நிமிரவில்லை. "ராசி கெட்டவன்னு சொன்னியே அண்ணி."

"சொல்லலன்னா உங்கண்ணன் நம்புவாரா? எழுந்திரு, பஸ்ஸு போயிடும்." அவ்வளவுதான் அம்மா சொன்னது. ஆனால் அத்தை எழுந்திருக்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அம்மா முந்தானையை இழுக்காமல் அப்படியே நின்றாள். அத்தையை முதல்முறையாக அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

கோயிலில் அத்தையும் மாமாவும் மாலையைச் சேர்க்கும்போது நான் வெள்ளச்சியை நினைத்துக்கொண்டேன். முந்தின வருடம்தான் அது செத்துப்போயிருந்தது. செய்த தப்பு ஒன்றுமில்லை. கொல்லையில் இரண்டு முடிச்சில் நிம்மதியாக இருந்ததை அவிழ்த்துக்கொண்டு வந்து வாயில் மாலையைத் திணித்திருக்கிறார்கள். சாகும்வரை அதைத் திருட்டு ஆடு என்றே கூப்பிட்டோம்.

அதற்கு அடுத்த மாதம் நான் அப்பளக் கடையோடு கிளம்பினேன். அப்பா வேண்டாம் என்றார். "போவட்டும் அண்ணா" என்று சொன்னது அத்தை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டதும் அவள்தான்.

எங்கேயாவது ராட்டினத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது எனக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வரும். அம்மா உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு அடித்திருக்கிறாள். அப்படி அடித்தால் சத்தம்தான் பெரிதாக வரும். எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை. அன்று ராத்திரி முட்டையைச் சோற்றில் பிட்டுப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, எனக்கு இனிமேல் அடி வலிக்காது, நான் வளர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.