நீலச் சுடிதாரில் போட்ட தையல்

சூலூரில் பெண் பார்க்க வருகிறவர்கள், பெண் வீட்டுக்குப் போகும் முன் என் தையல் கடைக்கு வந்துவிடுவார்கள். "ஏனுங்க, அந்த ஊட்டுப் புள்ளைங்க எப்படீங்க?" என்று கேட்பார்கள். துணி தைக்கிறவளுக்கு எல்லா வீட்டுச் சங்கதியும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நானும் "தங்கமான குடும்பமுங்க" என்று சொல்லி அனுப்புவேன். பொய் சொன்னதில்லை, பாதியைச் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

எதிர்வீட்டுப் பெண் ஒரு விசைத்தறிக் கம்பெனியில் துணி செக்கிங் வேலை பார்த்தாள். போன வருடம் ஒரு மத்தியானம் என் மேசைமேல் ஒரு கவரை வைத்தாள். உள்ளே நான் தைத்துக் கொடுத்த நீலச் சுடிதார். குடோனில் வைத்து மேனேஜர் அவளைப் பலாத்காரம் செய்திருந்தான். அதை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள்.

"ஊட்ல இருந்தா அம்மா தொவைச்சுப்போடும். இங்கயே பத்திரமா வெச்சிருங்கக்கா" என்றாள்.

கவரை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. அவள் தங்கச்சிக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. "ஊர் வாயை மூட உலைமூடி இல்லை கண்ணு. நிச்சயம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று ஞானம் பேசினேன். மேனேஜர் முதலாளிக்குச் சொந்தம், ஸ்டேஷனில் முதலில் உன்னைத்தான் குடைவார்கள் என்று நான் அடுக்காத காரணம் இல்லை. அவள் போனதும் சுடிதாரை எடுத்து, கழுத்திலிருந்து தோள்வரை ஓடிய கிழிசலைத் தெரியாத மாதிரி தைத்துவைத்தேன். பாசத்தில் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

நாலாம் நாள் வந்து நின்றாள்.

"புகார் குடுக்கப் போறேனுங்கக்கா. தங்கச்சிகிட்டச் சொல்லிப்போட்டேன். இதுக்குப் பயந்து ஓடற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்ன்னுட்டா."

கவரைப் பிரித்தவள் தையலைத் தடவிப் பார்த்தாள். "பிரிச்சுத் தந்தர்றேன் அம்மணி" என்று கத்திரிக்கோலை எடுத்தேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்கக்கா. நாமளே கிழிச்சோம்ன்னு சொல்லிப்போடுவாங்க. எப்படிக் கிழிஞ்சிருந்துச்சுன்னு நீங்களே வந்து சொல்லுங்க."

ஒரு வார்த்தை திட்டவில்லை. என் வயதில் பாதிதான் இருக்கும் அவளுக்கு. அந்த நிதானத்தை நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது.

மகளிர் காவல் நிலையத்துக்குள் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். நடந்ததை எல்லாம் தலை குனியாமல் சொன்னாள். கேட்டதையே மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் சொன்னாள். பிறகு என் முறை. கிழிசல் ஓடிய வழியை விரலால் காட்டினேன். "ஆணியில மாட்டுனா ஒரு எடத்துலதான் கிழியும். இது கழுத்துப் பட்டியோட பிஞ்சிருந்துச்சுங்க. புடிச்சு இழுத்தாத்தான் அப்படி வரும்" என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அப்படித் தெரிஞ்சும் ஏம்மா தைச்சீங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பக்கத்தில் அவள் இருந்தாள். இவ்வளவு சொன்னவளுக்கு முன்னால் பாதியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"பத்தொம்பது வயசுல எனக்கும் இப்படி ஆச்சுங்க. அன்னிக்கும் நானே தைச்சுப் போட்டுக்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டேனுங்க."