இஸ்மாலெவ்வை காக்கா பார்த்திருந்த இறுங்கு

“மிஸ், இஸ்மாலெவ்வை காக்கா மௌத்தாகிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.”

தொலைபேசியில் சொன்னவர் வரிப்பத்தான்சேனையில் காக்காவுடைய பக்கத்துக் காணிக்காரர் றசீது. ஓய்வுபெற்றுத் திருக்கோவிலில் இருக்கும் எனக்கு அந்த நேரத்துக்குள் போய்ச்சேர வழியில்லை. போயிருந்தாலும், ஆறுதல் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. அதனால் அவரை அறியாத உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

கல்முனைக் கடற்கரைப் பக்கம் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். சுனாமியில் கடல் வந்த அன்று சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்ததால் அவர் மட்டும் மிஞ்சினார். மனைவியையும் இரண்டு மகள்மாரையும் கடல் கொண்டுபோய்விட்டது. அதன்பின் அவர் கரைக்குத் திரும்பவில்லை. தகப்பன் விட்டுப்போன மேட்டுக் காணியில் குடில் போட்டு இறுங்குச் சோளம் விதைத்தார். நான் அப்போது அந்தப் பகுதியின் விவசாயப் போதனாசிரியை.

இறுங்கு முளைத்த புதிதில் குருத்து ஈ வரும். அதன் புழு நடுக்குருத்தைத் தின்று காயவைத்துவிடும். காக்கா விடிந்தால் தெளிகருவியை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கத் தொடங்கிவிடுவார். ஈயோடு நல்ல பூச்சிகளும் செத்தன. அவை தின்னவேண்டிய அழுக்கணவன் பூச்சி இலையெல்லாம் மொய்த்தது. அதற்கும் அடித்தார். ஒருநாள் வாந்தியெடுத்து நிலத்திலேயே விழுந்தார். றசீதுதான் முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

கட்டிலருகே நின்று கோபமாகவே கேட்டேன். “ஏன் காக்கா இப்பிடி அடிக்கிறீங்க? பயிருக்கும் கூடாது, உங்களுக்கும் கூடாது.”

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். “அடிக்காட்டி, விடிய எழும்பி நான் என்ன மிஸ் செய்யிற?”

நான் பயிருக்கு வைத்தியம் படித்தவள்.

அடுத்த பெரும்போகத்துக்கு, குருத்து ஈயை ஓரளவு தாங்கும் இனத்தின் விதையைக் கொண்டுபோனேன். “இதுக்கு மருந்து தேவைப்படாமலும் போகும். தேவைப்பட்டா ஒருதரம் போதும். ஆனா எப்ப அடிக்கிறதெண்டு தெரிய, ஆராவது ஒவ்வொரு நாளும் நிரை நிரையா நடந்து காஞ்ச குருத்தப் பார்க்க வேணும். அதுக்குத்தான் ஒருத்தருக்கும் நேரமில்ல.”

“எனக்கு இரிக்கி,” என்றார்.

அந்தப் போகத்தில் மழை பிந்தியது. விதைப்பும் பிந்தியது. ஈ பெருகியது. ஒருநாள் காலையில் அலுவலகத்துக்கே வந்து, “இண்டைக்கு அடிக்க வேணும் மிஸ்,” என்றார். பழைய வருத்தம் திரும்பிவிட்டதென்று நினைத்து, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. “வந்து பாருங்க. பாக்காமச் சொல்லாதீங்க,” என்றார். போய்ப் பார்த்தேன். நிரைக்கு நிரை குருத்து காய்ந்திருந்தது. இனம் தன்னால் இயன்றவரை தாங்கியிருந்தது. இனி அதற்குத் துணை வேண்டும். அன்று ஒருமுறை அடித்தார். பயிர் தேறிவிட்டது. பக்கத்தில் றசீது போட்டிருந்த பழைய இனம், எத்தனை முறை அடித்தும் பாதியாய்ப் போனது.

அதன்பின் காணிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். “காக்கா, அடிக்கவா, விடவா?” அவர் எழுந்து அவர்களுடைய காணிக்குப் போய், நடந்து பார்த்துவிட்டே பதில் சொல்வார். ஆனால் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர் குடிலுக்குப் போவார்.

யுத்தம் முடிந்த அன்று நான் அவரிடம் போனேன். அடுத்த விதைப்புக்காக, அறுவடையில் மிஞ்சிக் கிடந்த இறுங்குக் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“சண்டை முடிஞ்சிட்டாம் காக்கா.”

“ஓம் மிஸ், றேடியோவில கேட்டன். பெரிய சங்கதி.” கட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார். “இப்பிடியொரு சங்கதிய ஓடிப்போய்ச் சொல்ல ஊட்டில ஆளில்லாமப் போச்சே.”

அதற்கு முன் அவர் தன் வீட்டைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. மனைவியைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளின் பெயர்களை மட்டும் கேட்டேன். யாரும் கேட்காமல் நெடுநாள் ஆகியிருக்கவேண்டும். அவர் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

மூத்தவள் சுமையா. இளையவள் நஸ்ரின்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த இரண்டு பெயர்கள். இனி உங்களிடமும் இருக்கட்டும்.