இரண்டு கமர் நிஷாக்கள்

"இந்தக் கமர் நிஷாவ ஒண்ணாக்கிடுங்க ஜொஹரா," என்றார் சிவராமன். "ஒரே பேரு, ஒரே கதவு நம்பரு, ஒரே போன் நம்பரு. வயசுகூட ஒண்ணு. ரெண்டு பதிவு எதுக்கு?"

"ரெண்டு ஆளு இருக்காங்க சார். அதுக்குத்தான் ரெண்டு."

"ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணுக்கு ஒரே பேரா வைப்பாங்க?"

"பட்டினத்துக்கு வந்து எங்க தெருவுல நின்னு கூப்பிட்டுப் பாருங்க. ஒரே வாசல்ல ரெண்டு தல எட்டிப் பாக்கும். எங்க வீட்டுலயே ரெண்டு ஜொஹரா."

"நீங்க பெரிய ஜொஹராவா, சின்ன ஜொஹராவா?"

"சின்னதுதான் சார். வாய்தான் பெரிசு."

சிவராமன் சிரித்துவிட்டார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "மாசக் கடைசிக்குள்ள இரட்டைப் பதிவு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. சென்னையில கேக்கறாங்க," என்றார்.

"முடியாது சார்."

"முடியாதுன்னா?"

"செய்ய மாட்டேன்னு அர்த்தம்."

பதிவு மேசையில் ரத்தக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த நித்யஸ்ரீ தலையை நிமிர்த்தவே இல்லை. கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பெண் அவள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. முதலாளியிடம் இப்படியும் ஒருத்தி பேசலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள். கை தன்பாட்டுக்கு ஒரு சீட்டைக் கோணலாக ஒட்டிவிட்டது.

காரைக்காலில் இருந்த சிவராமனின் ரத்தப் பரிசோதனை லேப் அப்போது சென்னை நிறுவனம் ஒன்றோடு சேரவிருந்தது. அவர்கள் கொடுத்த புது மென்பொருள், பெயரும் வீடும் போனும் ஒத்துப்போனால் இருவரை ஒருவர் என்றே எடுத்துக்கொள்ளும். வேறெந்த ஊரிலாவது அது சரியாக இருக்கலாம். திருமலைராயன்பட்டினத்தில் ஜொஹராவின் தெருவில், கல்யாணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள்; மாப்பிள்ளைதான் அங்கே வருவார். அக்காவும் தங்கையும் ஒரே கூரையின் கீழ் பிள்ளை பெறுவார்கள். இருவருமே தலைப்பெண்ணுக்குத் தங்கள் உம்மாவின் பெயரைத்தான் வைப்பார்கள். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆண்கள் வளைகுடாவில் இருக்க, ஊரில் தங்கிவிட்ட ஒரு மாமாவின் போன் நம்பர்தான் மொத்த வீட்டுக்கும்.

இந்தக் கமர் நிஷாக்களில் ஒருத்திக்கு ஏழு மாதம். அவள் ரத்தம் நெகட்டிவ், மற்றவள் பாசிட்டிவ். பதிவுகளைச் சேர்த்தால் கடைசியாகப் பதிந்த ரத்த வகைதான் நிற்கும். கடைசியாக வந்தவள் பாசிட்டிவ். பிரசவ அறையில் அந்தத் தாளை நம்பி, நெகட்டிவ் தாய்க்கு அடுத்த பிள்ளையைக் காக்கப் போடவேண்டிய ஊசியைப் போடாமல் விட்டுவிட்டால் யார் பொறுப்பு?

ஜொஹரா காரைக்காலில் கம்ப்யூட்டர் படித்தவள். கணவர் அஜ்மீர் துபாயில். அவள் வேலை செய்கிற விதமே தனி. லேப் மூடுமுன் தரவு முழுவதையும் நகலெடுப்பாள். எடுத்த நகலைப் பழைய கணினி ஒன்றில் திறந்து, அன்று வந்த யாராவது ஒருவரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்குவாள். "தொறந்து பாக்காத நகலு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்பாள். நோயாளிகள் ஓர் அட்டவணையில், பரிசோதனைகள் இன்னோர் அட்டவணையில் இருக்கும். இரண்டையும் கட்டிவைப்பது பதிவின்போது கொடுக்கிற நோயாளி எண் மட்டும்தான். பெயர் மாறும், வீடு மாறும், போன் கைமாறும். எண்ணை மட்டும் யாரும் தொடக்கூடாது என்பது அவள் கட்சி.

மறுநாள் சிவராமன் எதிரிலேயே உட்கார்ந்து அதைக் கணினியில் விதியாகவும் எழுதிவைத்தாள். பரிசோதனை உள்ள எந்த எண்ணையும் அழிக்க முடியாது. ஒரு எண்ணின் பரிசோதனையை வேறு எண்ணுக்கு மாற்றவும் முடியாது. "என்ன பண்றீங்க?" என்று அவர் கேட்டபோது, "பூட்டுப் போடறேன் சார்," என்றாள். அவர் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சென்னையிலிருந்து இரட்டைப் பதிவுகளைச் சேர்க்கும் வேலையை ஓட்டினார்கள். முதல் பெயரிலேயே நின்றுவிட்டது.

"யாரு செஞ்ச வேல இது?"

"சொல்லிட்டுத்தானே சார் செஞ்சேன்."

கூடவே ஓர் அறிக்கையை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தாள். பெயர், வீடு, போன் மூன்றும் ஒன்று, ரத்த வகை மட்டும் வேறாக இருப்பவர்கள் யார் என்று கணினியிடம் கேட்டு எடுத்த பட்டியல். தாள் நிறைந்திருந்தது. "சென்னை சொல்றபடி பாத்தா இவங்க ஒவ்வொருத்தர் ஒடம்புலயும் ரெண்டு ரத்தம் ஓடுது சார்."

சிவராமன் பட்டியலைக் கடைசிப் பெயர்வரை படித்தார். கெட்ட மனிதர் அல்ல அவர். "சரி, இவங்கள மட்டும் விட்டுடுவோம். ரத்த வகை ஒண்ணா இருக்கறவங்கள சேத்துடுங்க. பூட்ட எடுங்க," என்று இறங்கிவந்தார்.

"ரத்தம் ஒண்ணுன்னா சர்க்கரையும் ஒண்ணா சார்? ஒருத்தி மாத்திரைய இன்னொருத்தி முழுங்கவா?"

"அப்ப திங்கக்கெழமையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

"வரலை. ஆனா பூட்ட நான் எடுக்க மாட்டேன்."

ஜொஹரா போய்விட்டாள். இப்போது வீட்டிலிருந்தே இரண்டு மருந்துக்கடைகளின் சரக்கு விவரங்களைப் பார்த்துக்கொள்கிறாள். வாய் குறைந்ததாகத் தகவல் இல்லை. கர்ப்பிணியாக இருந்த கமர் நிஷாவுக்குப் பிரசவமாகி, ஊசியும் முறையாகப் போட்டார்கள். லேப் கணினியில் இன்றும் கமர் நிஷாக்கள் இரண்டு பேர்தான்.

ஜொஹரா வராத அந்தத் திங்கட்கிழமை சிவராமன் திரும்பியது நித்யஸ்ரீ பக்கம். ஜொஹரா விடுப்பெடுக்கும் நாட்களில் கணினியைப் பார்த்துக்கொண்டவள் என்பதால், பூட்டை எடுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் மிச்சம். "முடியாது சார்," என்றாள் அவள். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாவது முறை எழுந்து நின்று சொன்னாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவளையும் காத்திருந்தவர்களையும் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சென்னைக்குப் போன் போட்டார்.

அவளுக்கு அப்படி ஒரு குரல் எங்கிருந்து வந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் பேருந்து நிலையத்தில், பட்டினம் பஸ் கிளம்பும் நேரத்தில், ஜொஹரா படியில் ஒரு காலை வைத்தபடி அவளிடம் ஒன்று கேட்டிருந்தாள்.

"அடுத்து உன்னத்தான் கேப்பாரு புள்ள. தலையக் குனிஞ்சுகிட்டு பேசாம இருந்துடாத, அத சரின்னு எடுத்துக்குவாரு. எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யி. முடியாதுன்னு வாயத் தொறந்து சொல்லு. வெளிய உக்காந்திருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."