அரங்கு நிறைந்த ஞாயிற்றுக்கிழமை

அந்த யோசனை எனக்குத் தோன்றியபோது வாயில் பாதிக் கறிபாப் இருந்தது. மென்று முடிக்கிறவரை பொறுமை இல்லை. கையால் வாயை மறைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். பத்து வயதில் எனக்கு வந்த யோசனைகளிலேயே ஆகச் சிறந்தது அதுதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் கிறிஸ்தவ சபையின் பெரியவர்கள் அத்தனை பேரும் அன்று அப்படியே நம்பினார்கள் என்பதில் இப்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

விஷயம் என் மாமாவைப் பற்றியது. அம்மாவின் தம்பி. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் செங் என்ற ஊரில் எங்கள் தமிழ்ச் சபையில் கீபோர்டு. வேலை முடிந்த கையோடு, கம்பெனிச் சட்டையிலேயே வந்து வாசித்த நாள்களும் உண்டு. அந்த வருஷம் அவர் முதல் முறையாக ஒரு சினிமாவுக்கு இசையமைத்திருந்தார். தமிழ்நாட்டுப் படம் இல்லை, நம்ம ஊர் மலேசியப் படம். நம்ம ஊர்ப் பையன்கள் கையில் இருந்ததைப் போட்டு எடுத்தது. மலாக்காவில் அதற்குக் கிடைத்தது பேரங்காடி ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அரங்கு, ஒரு நாளைக்கு ஒரே காட்சி. உள்ளூர்ப் படத்தின் ஆயுசு அவ்வளவுதான். வியாழக்கிழமை போடுவார்கள். வாரக் கடைசியில் கூட்டம் வராவிட்டால் திங்கட்கிழமை போஸ்டரைக் கழற்றிவிடுவார்கள்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணி ஷோ நெறஞ்சா போதும்க்கா. அடுத்த வாரமும் ஓட்டுவாங்க. நம்ம சபைக்காரங்க வந்தாலே நெறஞ்சிரும்," என்று மாமா அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

சிக்கல் என்னவென்றால், அதற்குள் படத்தின் முன்னோட்டம் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்திருந்தது. கதாநாயகன் ரவுடி. முதல் காட்சியிலிருந்து குடிக்கிறான். வீட்டுக்கு வந்து அடிக்கிறான். கதாநாயகி அவனோடு கல்யாணம் ஆகாமலே குடித்தனம் நடத்துகிறாள். இரண்டு நிமிஷத்தில் ஏழு இடத்தில் 'பீப்' சத்தம், நான் எண்ணினேன்.

ஆகவே அதற்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பின்கட்டு மண்டபத்தில் கூட்டம் கூடியது. கறிபாப், பால் இல்லாத தே ஓ, விவாதம். மாமாவுக்கு அன்று பகல் ஷிஃப்ட். அது தெரிந்துதான் கூட்டத்தை அன்றைக்கு வைத்தார்கள் என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கியது.

சபைச் செயலாளர் அங்கிள் முதலில் எழுந்தார். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். எதையும் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"நாம டிக்கெட் எடுத்தா அந்தப் பாவத்துல நமக்கும் பங்கு. அவ்வளவுதான்."

"ஐயோ அங்கிள்," என்றார் பாடகர் குழு ஆண்ட்டி. "பத்து வருஷமா நமக்கு வாசிக்கிறான். ஒரு வார்த்தை நம்மகிட்ட கேட்டிருப்பானா? இப்ப மொத மொதல்ல ஒண்ணு கேக்கிறான், நாம பாவக் கணக்குப் பாத்துக்கிட்டு!"

வாலிபர் சங்கத்து அண்ணன் ஒருவர், "நேத்து டிவியில எல்லாரும் படம் பாத்தீங்கதானே? அதுல ஹீரோ பாலையா குடிச்சாரு?" என்றார்.

"அது வீட்டுக்குள்ளலா, தம்பி."

"அப்ப கடவுள் உங்க வீட்டுக்குள்ள வர்றதில்லியா, அங்கிள்?"

மண்டபம் சிரித்தது. செயலாளர் அங்கிளும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபப்பட்டார். இரண்டு தரப்பும் வசனங்களை எடுத்துக்கொண்டு வந்தன. வேதத்தில் இரண்டு தரப்புக்கும் போதுமான வசனங்கள் இருந்தன. யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கஷ்டம். மாமாவைப் பிடிக்காதவர் அந்த அறையில் ஒருவர்கூட இல்லை. கடைசியில் பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "போய்ப் பாக்கிறதுக்கும் மனசாட்சி இடம் கொடுக்கல. தம்பியைக் கைவிடவும் மனசு வரல," என்றார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"டிக்கெட் மட்டும் வாங்கிட்டு, உள்ள போகாம இருந்துட்டா?"

 செயலாளர் அங்கிள் என்னைப் பார்த்த பார்வையில் பரலோகம் திறந்திருந்தது. "பாத்தீங்களா! சின்னப் பிள்ளை வாயில கடவுளே பேசிட்டாரு!" என்றார். பாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். யாரோ என் தட்டில் இன்னொரு கறிபாப் வைத்தார்கள். பத்து நிமிஷத்தில் பெயர்ப்பட்டியல் தயார். மாமாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம், மனசு கஷ்டப்படுவார் என்று எல்லாரும் அன்போடு முடிவு செய்தார்கள்.

காரில் திரும்பும்போது அப்பா, "ஊழியமும் பண்ணியாச்சு, பாவமும் ஒட்டல. ஒம் பொண்ணு வக்கீலாத்தான் வருவா," என்று அம்மாவைச் சீண்டினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஞாயிறு வந்தது. அரங்கு நிறைவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். அப்பா கிளம்பினார். நீயும் வாயேன் என்று அம்மாவையும் கூப்பிட்டார். அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அந்த மாதிரி ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்தா எப்படி இருக்கும்னு நான் சினிமாவுல போயி தெரிஞ்சிக்கணுமா?" அதுவும் ஏதோ ஒரு வேத வசனம் என்றுதான் நினைத்தேன்.

டிக்கெட் முகப்பின் திரையில் நாற்காலிகள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. எல்லாமே சிவப்பு. முன்வரிசைகூட. எனக்குப் பெருமையில் நெஞ்சு கொள்ளவில்லை. எங்களுக்கு முன்னால் ஐந்தாறு அண்ணன்மார் நின்றார்கள், மாமா போட்டிருப்பது போன்ற கம்பெனிச் சட்டை. மாமாவின் படத்தின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டார்கள். கவுண்டரில் இருந்த மலாய் அக்கா திரையைக் காட்டி, "பெனோ, பாங்," என்றார். நிறைந்துவிட்டதாம்! அவர்கள் நம்ப மாட்டாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "டேய், நம்ம ஊர்ப் படம்டா, ஹவுஸ்ஃபுல்லாம்டா!" என்று ஒருவர் சந்தோஷமாகவே சொன்னார். பிறகு வேறொரு ஆங்கிலப் படத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்பா அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். 

மாமா அரங்கின் கதவருகே நின்றிருந்தார். கிறிஸ்துமஸுக்குத் தைத்த பாத்தேக் சட்டை. தலையை நனைத்துச் சீவியிருந்தார். மணி மூன்று அடிக்க இரண்டு நிமிஷம். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எங்க மத்தவங்க? எல்லாரும் பார்க்கிங் தேடுறாங்களா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"யாரும் வர மாட்டாங்க மாமா! ஆனா டிக்கெட் பூரா வாங்கிட்டாங்க! படம் பாத்தாத்தானே தப்பு? என் ஐடியா!"

மாமா என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு குனிந்து, "ஒன் ஐடியாவா? கெட்டிக்காரி," என்று சிரித்தார். எனக்குப் பெரிய வாளியில் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தார். நேராகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொள்வதற்கு முன் நான் எட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாக மடங்கிய நாற்காலிகள். நட்டநடுவில் ஒன்றை விரித்து மாமா உட்கார்ந்தார்.

கதவு வழியாக இசை கேட்டது. வார்த்தை எதுவும் இல்லை. ஒரு நீண்ட ஸ்வரம், அதன் அடியில் தாளம் தட்டுத் தடுமாறி வருகிறது, போதையில் படியேறுகிறவனைப் போல. அப்பா கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே போகலாமா என்று கேட்டேன். "உள்ள போவோம்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வரல," என்றார். எங்கள் பெயரிலும் மூன்று நாற்காலிகள் உள்ளே காலியாக இருந்தன.

யோசனை பலித்தது. திங்கட்கிழமை போஸ்டரைக் கழற்றவில்லை. படம் இன்னொரு வாரம் ஓடியது. அடுத்த ஞாயிறு மாமா கீபோர்டிலிருந்து எழுந்து சபைக்கு நன்றி சொன்னார், சபை கைதட்டியது. மூன்று மாதம் கழித்து சுங்கை ஊடாங்கில் வீடு பார்த்துக்கொண்டு போனார். சபைக்கு வர முடியவில்லை, தூரமாம். காரில் இருபது நிமிஷம். நான் அதையும் நம்பினேன்.

இப்போது நானும் கல்லூரியில் குறும்படம் எடுத்துக்கொண்டு அலைகிறேன். போன மாதம் என் முதல் படத்தை இணையத்தில் ஏற்றினேன். சபைத் தோழி ஒருத்தி, "ஏய், ஒன் படத்தைப் பத்துப் பேருக்கு ஷேர் பண்ணிட்டேன்லா!" என்றாள். பிடித்ததா என்று கேட்டேன். "பாக்கல. அதுல சிகரெட் சீன் இருக்காமே. ஆனா ஃபுல் சப்போர்ட்!" கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் கழித்து மாமாவின் அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது.

மறுநாள் சுங்கை ஊடாங்குக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "சின்னப் பிள்ளை, ஒனக்கென்ன தெரியும்," என்றார் மாமா. பிறகு எனக்குத் தெரியாத இன்னொன்றையும் சொன்னார். அம்மாவின் அப்பா குடிப்பாராம். படி ஏறும் சத்தத்தை வைத்தே எந்த அறையில் ஒளிவது என்று அக்காளும் தம்பியும் முடிவு செய்வார்களாம். "அந்தச் சத்தத்தைத்தான் வாசிச்சேன். அக்காவைத் தவிர வேற யாருக்கு வாசிச்சேன்னு நெனைக்கிற?" என்றார். அம்மா அன்று வராததற்கும் அதுவேதான் காரணம். இருவரில் யார் சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

படம் மாமாவின் மடிக்கணினியில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை அம்மாவை அங்கே கூட்டிப் போகிறேன். என்ன படம், அதில் என்னென்ன வரும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். முதல் அடி விழும் காட்சியிலேயே எழுந்து வெளியே போய்விடலாம். போகட்டும். அம்மா எழுந்து போவதை மாமா பார்க்கட்டும். எழுந்து போவதற்கும் முதலில் வந்து உட்கார வேண்டுமே.