மூட்டைக்கு எழுதிய புரோகிராம்

"கம்ப்யூட்டர் சொல்லுதுன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சங்கராபுரம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் யாரிடமோ சொன்னார். கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் எதையும் சொல்வதில்லை. நாங்கள் எழுதிவைத்ததை ஒப்பிக்கிறது. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஓடுற வண்டி

ஒரு நெல் மில்லுக்குச் செய்த புரோகிராமையே எங்கள் ஓனர் ஒரு நர்சிங் கல்லூரிக்கும் விற்றார். மூட்டை இருந்த இடத்தில் மாணவி. ஐந்து நெல் ரகம் இருந்த இடத்தில் ஐந்து இட ஒதுக்கீட்டுப் பிரிவு. பழையதை எடுத்துப் பயன்படுத்துவது தப்பில்லை. ஆனால் பட்டியலையும் மெசேஜையும் புரோகிராமுக்குள்ளேயே புதைக்காமல் ஒரே இடத்தில் தனி அட்டவணையாக வைக்கலாமே என்று சொன்னேன். அவர் திரும்பக்கூட இல்லை. "ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிக்கிற?"

பதினேழு இடம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். பிரிவுகள் மாறப்போவதாக ஒரு வதந்தி வந்தால் போதும், ஓனர் உடனே திருத்தச் சொல்வார். பதினேழு ஸ்கிரீனிலும் தனித்தனியாகத் திருத்துவேன். மறுநாள் அது பொய் என்பார்கள், பதினேழும் பழையபடி. மூன்றாவது தடவை ஆத்திரத்தில் அழுதே விட்டேன். பக்கத்து சீட் சலீம் தன் டீயை என் பக்கம் நகர்த்தினான். "மறியல் பண்றவங்ககூட சாயங்காலம் வூட்டுக்குப் போய்ட்றாங்க. நீ இன்னும் திருத்திக்கினே கீற."

ஆறாவது

கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். பழங்குடிப் பிரிவு. எங்கள் ஐந்தில் அது இல்லை. ஐந்தில் சேராததை மில் என்ன செய்யுமோ, அதையே புரோகிராம் அவளுக்கும் செய்திருந்தது. கல்லூரி பெயரில் அவர் போனுக்கு வந்த மெசேஜ்: "தரம் இல்லை. மூட்டையைத் திருப்பி எடுத்துச் செல்லவும்." கல்லூரியில் எங்களைக் கைகாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அன்று மாலையோடு சேர்க்கை முடிகிறது.

ஓனர் சிரித்தார். பழைய மெசேஜ்தான், அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்றார். அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா குரலை உயர்த்தவில்லை.

"எம்மவ ஐந்நூத்திப் பன்னெண்டு மார்க்குங்க. மூட்டை யாருங்க?"

நான் எழுந்தேன். கம்பெனி லெட்டர்பேடில், தவறு எங்களுடையது, இந்த மாணவியின் விண்ணப்பம் செல்லும் என்று எழுதி, என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். ஓனர் மேஜையிலிருந்த சீலை எடுத்துக் குத்தினேன். பிறகு அவர்கள் இருவரோடும் கல்லூரிக்குப் பஸ் ஏறினேன்.