சாந்தமங்கலத்து மணிப்பூட்டு

சிவகங்கை மாவட்டத்தில் பேய் கிடையாது. இதை முதன்முதலில் முறைப்படி நிரூபித்தவன் அருண் ஜோசப். மானகிரிச் சுடுகாட்டில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து நான்கு பரோட்டா தின்றான். பேய் வரவில்லை. நாய் வந்தது, அதுவும் சால்னாவுக்காக. முடிவைத் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, காரைக்குடியில் எங்கள் கல்லூரி விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினான். மெஸ் மெனுவைவிட அதிகம் பேர் அதைப் படித்தார்கள்.

அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது நடந்தது. அவனுக்கே நடந்தது. ராத்திரியில்கூட அல்ல, பட்டப்பகலில். நான் அவனுடைய அறைத் தோழன். அவன் சொன்னதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

கண்டனூரைத் தாண்டிப் போனால் சாந்தமங்கலம். அறுபத்திரண்டு பெரிய வீடுகள். வருடத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும். மே பிறந்தால் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று சிதறிய குடும்பங்களெல்லாம் வந்து இறங்கிவிடும். தெருவுக்கு ஒரு கேரம் போர்டு, மாதா கோயில் சப்பரம், ஐஸ் வண்டி, ராத்திரி முழுக்கச் சீட்டு. முட்டைச் சுண்ணாம்பு பூசிய சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்த வீடுகளில் ஒன்றை அருணின் தாத்தா மரியசூசை, தலைமையாசிரியராக இருந்தபோது வாங்கியிருந்தார். பிறந்ததிலிருந்து எல்லா மே மாதமும் அருண் அங்கேதான். அந்த வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்தால் உச்சி வெயிலிலும் முதுகு சிலிர்க்கும் என்பான். வேறு எதைப் பற்றியும் அவன் கிண்டல் கலக்காமல் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டில் நான்கு முற்றம், இருபத்தெட்டு அறை. முன்வாசலைப் பூட்டினால் அடுப்படியில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால் ஊரில் ஒரு வழக்கம். பூட்டுமுன் வாசலில் நின்று, உள்ளே பார்த்து, மூன்று முறை கேட்க வேண்டும்: "உள்ள ஆரு இருக்கீக?" ஒவ்வொரு முறையும் நின்று, பதில் வரவில்லை என்றால்தான் சாவியைத் திருப்பலாம்.

இதில் சேவுகப்பெருமாள் கறார். அறுபத்திரண்டு வீட்டுக்கும் அவர்தான் காவல். எல்லா வீட்டுக்கும் மாற்றுச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். பூட்டுகளுக்குக் கோழி இறகால் தேங்காய் எண்ணெய் விடுவார். அவர் பக்கத்தில் வந்தாலே அந்த வாசம் வரும்.

"ஆளே இல்லாத வீட்ல ஆரண்ணே கேக்குறீக?" என்பான் அருண்.

"இல்லேன்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

"உள்ள இருக்கவரு செவிடா இருந்தா?"

"ஒங்களை மாதிரி வாயாடியா இருந்தா, கேக்காமலே பூட்டிற வேண்டியதுதான்."

மே பதினான்கு, புதன்கிழமை. மேற்கே தைலமரக் காட்டில் தீப்பிடித்தது. எப்படி என்று இன்றுவரை தெரியாது. தைலமரம் எரிவதில்லை, வெடிக்கும். காற்று ஊரைப் பார்த்து அடித்தது. அரை மணி நேரத்தில் மேலத்தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது. நூறு வருடத் தேக்கு, உள்ளுக்குள் எண்ணெய் ஊறிய தேக்கு. மாதா கோயில் மணி நிற்காமல் அடித்தது. அருணின் அப்பா ஜோசப் ராஜ் வேனைக் கிளப்பிவிட்டுச் சாவியைத் தூக்கி வீசினார்.

"பூட்டிட்டு ஓடியாடா."

தீ உள்ளே வந்துவிடக் கூடாதென்று வீட்டைப் பூட்டிய ஒரே குடும்பம் எங்களுடையது என்று அருண் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். ஆனால் பாதியைத்தான் சொன்னான்.

மீதி இது. அந்த முன்கதவில் பதித்திருந்தது மணிப்பூட்டு, உள்ளும் புறமும் சாவித்துளை. சாவியை மூன்று சுற்று சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பூட்டுக்குள் ஒரு மணி அடிக்கும். திறப்பதற்கும் அதே மூன்று சுற்று. அன்று மூன்றாவது மணி அடித்தபோது உள்ளே ஒரு குரல் கேட்டது. அல்லது ஓடு வெடித்தது. ஓடு என்று முடிவு செய்துகொண்டு ஓடினான். பூட்டுமுன் மூன்று முறை கேட்கவில்லை. ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

வேனில் ஏறியதும் திரும்பி ஒரு படம் எடுத்தான். நேரம் 12.03.

நாற்பத்தொரு வீடுகள் போயின. ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள், சேவுகப்பெருமாளைத் தவிர. தீயை அணைக்கக் காட்டுப் பக்கம் போனார் என்றார்கள். காட்டில்தான் தேடினார்கள். அருண் வீட்டில் யாரும் தேடவில்லை. கூரை உள்ளே இறங்கி, முன்சுவரும் கதவும் மட்டும் நின்றன. அதிகாரிகள் வரும்வரை தொடக் கூடாதென்று கயிறு கட்டியிருந்தார்கள். தவிர, பூட்டிய வீட்டுக்குள் யார் இருக்கப் போகிறார்கள்?

விடுதியில் ராத்திரி கண் விழித்துப் பார்த்தால் அருண் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருப்பான். மாடி ஜன்னலில் வெள்ளையாக ஏதோ ஒன்று தெரியும். புகையாக இருக்கலாம். வேட்டியாகவும் இருக்கலாம். "பொகைதானடா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்பான். பொகைதான் என்பேன். மறுநாள் மறுபடியும் கேட்பான்.

ஞாயிறுதோறும் ஊர்க்காரர்கள் சாந்தமங்கலம் போனார்கள். செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சாம்பலில் நின்றார்கள். ஒரு அம்மா தன் வீட்டுத் தரைப் பூக்கல் ஒன்றை முந்தானையால் துடைத்தபடியே இருந்தார், துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. புறப்படும்போது, கூரையும் கதவும் இல்லாத வாசலில் நின்று, உள்ளே பார்த்து, மூன்று முறை கேட்டார்கள். "உள்ள ஆரு இருக்கீக?"

அருண் அதை வீடியோ எடுத்துப் போட்டான். தலைப்பு: 'சாம்பலுக்குப் பூட்டுப் போடுவோர் சங்கம், சாந்தமங்கலம் கிளை.' விடுதியே விழுந்து சிரித்தது. அன்று அவன் சாப்பிட வரவில்லை.

ஜூன் இருபத்தொன்று சாயங்காலம் சேவுகப்பெருமாளின் மகள் சத்தியப்பிரியா போன் செய்தாள். திருப்பத்தூரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.

"தம்பி, எல்லா வீட்லயும் போயி அப்பாவைக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். ஒங்க வீடு ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கு வாரீகளா?"

போனான். உள்ளே யாரும் இல்லையென்று ஒரு முறை தெரிந்துவிட்டால் போதும். அதற்குத்தான் போனான்.

ஞாயிறு, 11.40. வண்டியை நிறுத்தினான். பின்னால் கிணற்றுப் பக்கம் பார்த்துவிட்டு வருவதாகச் சத்தியப்பிரியா சுற்றிக்கொண்டு போனாள். அருண் கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்து, கதவுக்கு முன்னால் நின்றான். கதவு கரிந்திருந்தது. ஆனால் நின்றது.

சாவியை எடுத்தான். ஒரு சாண் நீளம். காலையில் விடுதியில் பார்த்தபோது துரு உதிர்ந்தது.

11.52. காற்று இல்லை. காக்கை இல்லை. அவன் நிழல் அவன் காலுக்கடியில் சுருண்டுவிட்டது.

சாவி வழுக்கியது. வியர்வை என்று நினைத்தான். விரலை முகர்ந்தான்.

தேங்காய் எண்ணெய்.

தலைக்கு வைத்தது கையில் ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அவன் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.

கிண்டல் செய்தால் பயம் போய்விடும். அது அவனுக்குப் பழகிய மருந்து. சங்கத்துக்காரர்கள் மாதிரியே குரலை இழுத்தான்.

"உள்ள ஆரு இருக்கீக...?"

ஒரு முறைதான். பதில் இல்லை.

11.58. தோள் இறங்கியது. போகலாம் என்று திரும்பினான்.

"உள்ள ஆரு இருக்கீக?"

உள்ளேயிருந்து... வெகு தொலைவில், அடுப்படிப் பக்கம். எதிரொலி என்று நினைத்தான். எதிரொலி இவ்வளவு நேரம் கழித்து வராது. அவன் இயற்பியல் மாணவன்.

"உள்ள ஆரு இருக்கீக?"

இரண்டாம் முற்றம். அங்கே ஆள் நடக்க இடமில்லை. ஓடும் உத்திரமும் மார்பளவு குவிந்து கிடந்தன.

12.02.

"உள்ள ஆரு..."

கதவுக்கு நேர் பின்னால்.

அவன் கதவில் காதை வைத்தான்.

12.03.

ணங்...

சாவி அவன் கையில்தான் இருந்தது.

ணங்...

மூன்றாவதற்குக் காத்திருந்தான். வரவில்லை.

மறுபடியும். ணங்... ணங்...

வரவில்லை.

"இருங்கண்ணே... தொறந்துர்றேன்... இருங்க..."

சாவியைத் துளையில் வைத்தான். போகவில்லை. இரும்பில் இரும்பு முட்டியது. இரண்டு கையாலும் அழுத்தினான்.

அங்குட்டிருந்தும் அழுத்தியது.

சத்தியப்பிரியா ஓடி வந்தபோது அவன் நகத்தால் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். முழங்கை வரை கரி.

"மூணு தடவ கூப்புட்டீகளே தம்பி, இருக்காகளா?"

"நான் ஒரு தடவதான் கூப்புட்டேங்க்கா."

அவள் கதவைப் பார்த்தாள்.

"அன்னைக்குப் பூட்டுனது ஆரு?"

"நான்."

"பூட்டுமுன்ன கேட்டீகளா?"

இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதென்று முப்பத்தொன்பது நாள் ஓடியிருக்கிறான்.

"கேக்கலக்கா."

அவள் கயிற்றைப் பிய்த்து எறிந்துவிட்டு, சரிந்த பக்கச் சுவரிலிருந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைக்க ஆரம்பித்தாள். அவனும் எடுத்தான். இருட்டும்வரை எடுத்தார்கள்.

மறுநாள் தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை அறுத்தார்கள். சேவுகப்பெருமாள் கதவுக்குப் பின்னால்தான் இருந்தார். அவர் மேல் ஓர் உத்திரம் விழுந்து கிடந்தது.

அன்று அவர் வீடு வீடாகப் பின்வாசல் வழியே நுழைந்து, யாராவது சிக்கியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அவர் குரல் கேட்டுத்தான் வெளியே ஓடி வந்ததாகவும், பிறகு அவர் காட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்ததாகவும் நான்கு வீட்டார் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஐந்தாவது வீடு அருணுடையது. பின்னால் தீ வந்துவிட்டது. முன்னால் பூட்டு.

அவருடைய மாற்றுச் சாவி உள்பக்கத்திலிருந்து துளையில் செருகியபடியே இருந்தது. பூட்டை அறுத்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு சுத்துத் திருப்பியிருக்காரு. இன்னும் ஒண்ணுதான்."

மணி எங்கே என்று அருண் கேட்டான். பூட்டில் மணி இல்லை. தேடியபோது உத்திரத்துக்கு அடியில் கிடைத்தது. தீப்பிடித்த அன்றே கழன்று விழுந்து, தகடாக நசுங்கிப்போயிருந்தது. அதை யார் அடித்தாலும் சத்தம் வராது. தீயணைப்புக்காரர் தரையில் தட்டிக் காட்டினார். வரவில்லை.

அடக்கம் முடிந்து வந்து, விடுதிப் பலகையில் ஒட்டியிருந்த 'பேய் கிடையாது' தாளை அவனே கிழித்தான். வீடியோவை அழித்தான். சாவி அவன் மேசையில் இருக்கிறது. வாரம் ஒரு முறை துணியால் துடைக்கிறான். துடைத்த துணியில் எண்ணெய் வாசம் வருகிறது.

எங்கள் அறை பத்துக்குப் பத்து. இரண்டு கட்டில், ஒரு மேசை. வாசலில் நின்றால் நான்கு மூலையும் தெரியும். ஒளிய ஒரு எலிக்குக்கூட இடமில்லை. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது நான் முதலில் வெளியே வந்து படிக்கட்டில் நிற்பேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பூட்டைக் கையில் வைத்தபடி அவன் உள்ளே பார்த்து நிற்பான். மெல்லிய குரலில், மூன்று முறை.

"உள்ள ஆரு இருக்கீக?"

ஒவ்வொரு முறையும் நிற்பான். பிறகு பூட்டுவான்.

நேற்றும் கேட்டான். மூன்றாவது முறை கேட்டுவிட்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்தே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனான்.