வலது காலும் வலது கையும்

என் அண்ணன் முனிரத்தினத்தின் மார்பைப் பார்த்தவர்கள் யாரும் அவனை நெசவுக்காரன் என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு ஆண்கள் குழித்தறியில் குனிந்து உட்கார்ந்தே தோள் சுருங்கிப் போனவர்கள். இவன் மட்டும் விடிவதற்குள் தேகப்பயிற்சி சாலைக்குப் போய்க் கர்லாக்கட்டை சுற்றிவிட்டு, வியர்வை காய்வதற்குள் வந்து தறியில் இறங்குவான். எனக்கு அதில் பெருமைதான். இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

எங்கள் இருவருக்கும் ஒரே தறி. அவன் நடுவில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதித்துப் புடவையின் உடலை நெய்வான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரையை உடலோடு கோக்கிற கோர்வை நாடாவை, அதாவது ஊடிழை சுற்றிய கட்டையை, கையால் விடுவேன். என் வேலைக்குக் கால் தேவையில்லை. அதனால்தான் அந்த இடத்தில் பெண்களையும் பிள்ளைகளையும் உட்கார வைப்பார்கள்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிற மாஸ்டர் ஆக வேண்டும்.

"குழிக்குள்ள கால வுட்டுக்கினே கெழவன் ஆயிடணுமா கமலா? நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணவன். வெளிய நின்னு விசில் ஊதணும்" என்பான்.

அறுபத்தெட்டில் அதற்கு இரண்டு வழிகள் அவன் முன்னால் இருந்தன. ஒன்று தபால் படிப்பு. வடக்கே எங்கிருந்தோ படம் போட்ட பாடங்கள் வரும், வீட்டிலேயே செய்து பார்த்து போட்டோ எடுத்து அனுப்பினால் சிவப்பு முத்திரை குத்திய சான்றிதழ் வந்துவிடும். இன்னொன்று சென்னையில் ஒரு வருடம் தங்கிப் படிக்கிற படிப்பு. அதற்குத் தேர்வு உண்டு. வயது வரம்பும் உண்டு, அண்ணனுக்கு அந்த வருடம்தான் கடைசி.

தபால் படிப்பைத்தான் அவன் முதலில் நினைத்தான். தறி நிற்காது, அம்மா கங்கையம்மாளும் அழ மாட்டாள். ஆனால் அதை முடித்த சிட்டிபாபு என்ன ஆனான் என்று எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். அண்ணனோடு கர்லாக்கட்டை சுற்றியவன் அவன். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினான். ஒருவரும் சீந்தவில்லை. கடைசியில் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வரிசையைத் தள்ளி ஒழுங்குபடுத்துகிற வேலைதான் கிடைத்தது.

"எங்கிட்ட கேக்காத முனி. ஜனங்கள நெட்டித் தள்றதுக்குத்தான் அந்தப் படிப்பு. மெட்ராசுக்குப் போ" என்றான் சிட்டிபாபு.

அண்ணன் சென்னையைத் தேர்ந்தெடுத்தான். சரியான முடிவு. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். வயிறு எரிவதே அதனால்தான். தப்பான வழியில் போய்க் கெட்டுப்போனவனைத் திட்டித் தீர்த்துவிடலாம், இவனை என்னவென்று திட்டுவது?

தேர்வில் என்னென்ன கேட்பார்கள் என்று சிட்டிபாபுதான் விசாரித்து வந்தான். மார்பளவு, ஓட்டம், கயிறு ஏறுதல், கடைசியாக அணிவகுப்பு நடை. முதல் மூன்றையும் பற்றி அண்ணனுக்குக் கவலையே இல்லை. நடைதானே என்று எங்கள் தெருவில் நடந்து காட்டினான். சிட்டிபாபு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அண்ணனுக்கு வலது காலோடு வலது கையும், இடது காலோடு இடது கையும் போயின.

சிரிக்க என்ன இருக்கிறது? தறியில் வலது காலை மிதித்தால் வலது கை நாடாவை விடும், இடது காலை மிதித்தால் இடது கை. பத்து வயதிலிருந்து பகல் முழுக்க அதைச் செய்தவன் அவன். கடைத்தெருவுக்கு நடக்கும்போது எல்லாரையும் போல ஒழுங்காகத்தான் நடப்பான். ஒருவர் கட்டளை போட்டு, விறைப்பாகக் காலைத் தூக்கி வை என்றால் மட்டும் உடம்பு தறிக்குப் போய்விடும்.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. அந்த ஓய்வு நாட்களில் தெருவில் வைத்துப் பழக்கினோம். நான் அவன் வலது காலிலும் இடது மணிக்கட்டிலும் சிவப்புப் பட்டிழை கட்டினேன், மற்ற இரண்டிலும் மஞ்சள். "சிவப்பு! மஞ்சள்!" என்று நான் கத்த, அவன் நடப்பான். பிறகு மற்ற நாட்களிலும் சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் பழகினான். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அவன் வெட்கப்படவில்லை. தேர்வு நெருங்கும்போது இழையே இல்லாமல் "லெஃப்ட், ரைட்" என்றாலும் சரியாக நடந்தான். அம்மாகூட ஒருநாள் வாசலில் நின்று, "எம்புள்ள போலீசு மாரி நடக்கறான்பா" என்றாள்.

தேர்வுக்குச் சிட்டிபாபுவும் கூடப் போனான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மார்பளவு எடுத்தவர் அண்ணனின் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். ஓட்டத்தில் முன்னால் வந்தானாம், கயிற்றில் மளமளவென்று ஏறினானாம். நடைக்கு வரிசையில் நிறுத்தி விசில் ஊதினார்கள். கொஞ்ச தூரம் சரியாகவே போயிருக்கிறான். "ரைட்" என்று பக்கத்தில் வந்து ஒருவர் உரக்கக் கத்தியதும், வலது காலும் வலது கையும் சேர்ந்து முன்னால் போய்விட்டன. சரிசெய்யப் பார்த்து இன்னும் குழம்பினான். பின்னால் வந்தவன் இவன்மேல் மோதினான். வரிசையே சிரித்ததாம்.

"நடக்கத் தெரியாத நீர் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவீர்?" என்று கேட்டுவிட்டு அந்த அதிகாரி அடுத்தவனைக் கூப்பிட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தன் கர்லாக்கட்டைகளை எடுத்து அடுப்பங்கரையில் போட்டான். அம்மா அவற்றைப் பிளந்து எரித்தாள். நான் தடுக்கவில்லை, தடுத்து என்ன ஆகப்போகிறது?

அதோடு முடிந்திருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். மறுநாள் தறியில் உட்கார்ந்தோம். வலது பக்கம் வந்த நாடாவைக் கையில் பிடித்த அண்ணன், வலது காலுக்குப் பதிலாக இடது காலை மிதித்தான். இழை போன வழியிலேயே இன்னோர் இழை போய் உட்கார்ந்தது. பிரித்தோம். மறுபடியும் அதே தப்பு. நாங்கள் பாடுபட்டுப் பழக்கிய நடை, வேண்டிய இடத்தில் வராமல் தறிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இரட்டை இழை விழுந்த புடவையை, எங்களுக்குப் பட்டு கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கும் முதலாளி ஒருமுறை பொறுத்தார். அடுத்த புடவையைத் தூக்கி எறிந்தார்.

"முட்டியில ஏதாச்சும் நோவாண்ணா?" என்று கேட்டேன்.

"நோவுலாம் ஒண்ணும் இல்லம்மா. கால் எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது."

பொறுத்துப் பார்த்தோம், சரியாகவில்லை. ஒரு நாள் காலையில் அவனாகவே எழுந்து, "நீ நடுவுல ஒக்காரு கமலா" என்றான். நான் குழிக்குள் காலை விட்டேன். அவன் என் பக்கத்தில், நான் உட்கார்ந்த இடத்தில், காலை மடக்கி உட்கார்ந்து கோர்வை நாடாவைக் கையில் எடுத்தான். அவ்வளவு பெரிய மார்பை வைத்துக்கொண்டு அந்த ஒடுக்கத்தில் அவன் தோளைக் குறுக்க வேண்டியிருந்தது. பல வருடங்களாகியும் அவன் அங்கேதான் உட்காருகிறான்.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போவார்கள். கூடவே ஒரு மாஸ்டர் விசில் ஊதிக்கொண்டு "லெஃப்ட், ரைட்" என்று போவார். போன வருடமும் போனார்கள். அண்ணன் தலையைத் தூக்கவில்லை.

"மிதிக்காத கமலா, அவங்க போவட்டும்" என்றான்.

"ரைட்" என்ற ஒவ்வொரு கத்தலுக்கும் எழும்பப் பார்த்த தன் மடக்கிய கால்களை அவன் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். சத்தம் தெருமுனை தாண்டிப் போகும்வரை நானும் மிதிக்கவில்லை.